பதினெட்டு விழுந்தால் வீரன்

மலர்க் குழுவிலிருந்து போன். "டெக்னிகலா ஏதாவது எழுதிக் குடுங்க சார், ஹாஸ்டல் நினைவுகள் ஏற்கனவே நிறைய வந்தாச்சு" என்றார்கள். சிமென்ட், கம்பி பற்றி எழுதினால் என் வீட்டிலேயே யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே வேறொரு டெக்னிகல் சமாச்சாரம்: விதிப் புத்தகம். அதிலும் ஒரு விளையாட்டின் விதிப் புத்தகம். ஐம்பது வருஷமாக எழுதி, திருத்தி, மறுபடி எழுதியும் "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்ற சண்டை இன்னும் ஓயாத விளையாட்டு அது. ஐ.எஸ். 456-ஐக் கையில் வைத்துக்கொண்டு கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்டிய சீனியர்களுக்கு இந்தச் சண்டையின் ருசி உடனே பிடிபடும்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சுருக்கமாக டி அண்ட் டி. கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் நடுவர், அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று. "குகைக்குள் நுழைகிறீர்கள், இடது பக்கம் ஏதோ உறுமுகிறது" என்பார் நடுவர். "கையில இருக்கிற பந்தத்தை அது மேல எறியறேன்" என்பான் ஒருவன். எறிந்தது பட்டதா, உறுமியது ஓடியதா என்பதை நடுவரும் பகடையும் சேர்ந்து தீர்மானிப்பார்கள். கட்டம் போட்ட பலகை கட்டாயமில்லை. ஜெயித்தவன், தோற்றவன் என்று கடைசியில் யாரும் இல்லை. பேச்சுதான் ஆட்டம்.

சதுரங்கத்தில் குதிரை இப்படித்தான் தாவும் என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. இங்கே ஆடுகிறவன் எதை வேண்டுமானாலும் முயற்சி செய்யலாம். எதை வேண்டுமானாலும் என்றால், அத்தனைக்கும் விதி எழுதி மாளுமா? எழுதாமல் விட்டால், சட்டம் சொல்வது யார்? இந்தக் கேள்விக்கு டி அண்ட் டி-யைவிட வயது அதிகம். கதை பிரஷ்ய ராணுவத்தில் ஆரம்பிக்கிறது.

1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை லெப்டினன்ட், தன் தகப்பனார் ஆரம்பித்து வைத்த போர் விளையாட்டைச் செம்மைப்படுத்தி மேலதிகாரிகளிடம் காட்டினார். பெயர் கிரீக்ஸ்ஷ்பீல். ஜெர்மன் மொழியில் போர் விளையாட்டு என்றே அர்த்தம். துல்லியமான வரைபடம், படைகளுக்குச் சின்னச் சின்னக் கட்டைகள், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷப் போர், துப்பாக்கிச் சூட்டில் எத்தனை பேர் விழுவார்கள் என்பதற்கு அட்டவணை, அதிர்ஷ்டத்துக்குப் பகடை. இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர். தலைமைத் தளபதி மூஃப்ளிங் பார்த்து அசந்துபோய், படை அதிகாரிகளுக்கு இது நல்ல பயிற்சி என்று சிபாரிசு செய்தார்.

பயிற்சி நல்லதுதான். ஆனால் அட்டவணையைப் புரட்டியே பொழுது போய்விடும். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி ஒரு போடு போட்டார். அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம். போரைக் கண்ணால் பார்த்த அனுபவசாலி ஒருவரை நடுவராக உட்கார வையுங்கள், அவர் சொல்வதே முடிவு என்றார். இதற்குச் 'சுதந்திர கிரீக்ஸ்ஷ்பீல்' என்று பெயர் வந்தது. பழைய முறைக்கு 'கறார் கிரீக்ஸ்ஷ்பீல்' என்று பெயர் நிலைத்தது. விதியை நம்புகிறவன், ஆளை நம்புகிறவன் என்று அப்போது பிரிந்த கட்சிகள் இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. இடையில் மேஜைதான் மாறியிருக்கிறது.

அங்கிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்கு இந்தச் சரக்கு போய்ச் சேர்ந்த விதம் லைப்ரரி பக்கமே போகாத நம் மாணவர்களுக்காகவே நடந்த மாதிரி இருக்கும். டேவிட் வெஸலி என்ற இளைஞர், நண்பர்களோடு பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடுகிறவர். மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் 1880-இல் சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதிய 'ஸ்ட்ராடெகோஸ்' என்ற தூசி படிந்த புத்தகம் அவர் கையில் கிடைத்தது. ஆடுகிறவர் எதையும் முயலலாம், முடியுமா என்பதை நடுவர் சொல்வார் என்ற எண்ணம் அதிலிருந்து வந்ததுதான். 1969-இல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரை உண்டாக்கி, வழக்கமாகப் படைகளை மட்டும் நடத்தும் நண்பர்களுக்கு ஊர் மேயர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார். அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள். எழுதி வைத்த விதி எதுவும் செல்லுபடியாகவில்லை. ஆட்டம் குட்டிச்சுவர் என்று வெஸலி நொந்துபோனார். நண்பர்களோ "அடுத்தது எப்போ?" என்று நச்சரித்தார்கள்.

அந்த நண்பர்களில் ஒருவர் டேவ் ஆர்னிசன், சரித்திர மாணவர். அவர் இதை மன்னர் காலக் கோட்டை, கோட்டைக்கு அடியில் சுரங்கம், சுரங்கத்தில் பூதங்கள் என்று மாற்றி 'பிளாக்மூர்' என்ற பெயரில் நடத்தினார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகேக்ஸ் இருந்தார். இன்ஷூரன்ஸ் வேலை போனபின் வீட்டின் கீழ்த்தளத்தில் செருப்பு ரிப்பேர் செய்து குடும்பத்தை ஓட்டிக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் போர் விளையாட்டு விதிகள் எழுதிக்கொண்டிருந்தவர். 1971-இல் ஜெஃப் பெரனோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்ற விதிப் புத்தகம் வெளியிட்டிருந்தார். ஆர்னிசன் 1972 கடைசியில் அங்கே போய் ஆடிக் காட்ட, இரண்டு பேருமாகச் சேர்ந்து உருவாக்கியது டி அண்ட் டி. 1974 ஜனவரியில் டி.எஸ்.ஆர். என்ற புதுக் கம்பெனியின் பெயரில், மூன்று சின்னப் புத்தகங்கள் கொண்ட பெட்டி, விலை 10 டாலர், ஆயிரம் பிரதிகள். ஒரு வருஷத்துக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன.

விற்றது சரி, படித்தவர்களுக்குப் புரிந்ததா? அங்கேதான் வேடிக்கை. போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது அது. சண்டை போட செயின்மெயில் புத்தகம் தனியே வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு 'மாற்று முறை' இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளலாம். காட்டு வழியே போக இன்னொரு கம்பெனியின் 'அவுட்டோர் சர்வைவல்' என்ற விளையாட்டின் பலகை வேண்டும். 'லெவல்' என்ற ஒரே வார்த்தைக்கு நாலு வேலை: வீரனின் படி, சுரங்கத்தின் ஆழம், மந்திரத்தின் தரம், பூதத்தின் பலம். மூன்றாவது லெவல் மந்திரவாதி மூன்றாவது லெவல் சுரங்கத்தில் மூன்றாவது லெவல் பூதத்தைப் பார்க்கலாம். ஆனால் மூன்றாவது லெவல் மந்திரம் போட முடியாது. நம் பல்கலைக்கழகத் தேர்வு விதிமுறை எழுதியவர்களுக்கே சவால் விடும் அழகு இது! இந்தக் குழப்பத்தைக் கைகேக்ஸே 1978-ஆம் வருஷப் புத்தகத்தில் ஒப்புக்கொண்டு, வேறு வார்த்தைகள் வைக்க யோசித்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் மாற்றவில்லை.

பெட்டியின் மூன்றாவது புத்தகத்தின் கடைசியில் ஆசிரியர்கள் சொன்ன விஷயத்தின் சாரம் இது: சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறோம்; ஆனால் உங்களுக்குப் பதிலாக நாங்கள் எதற்குக் கற்பனை செய்ய வேண்டும்? படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்து டாலர் கொடுத்து வாங்கிய பையன் ராத்திரி பதினோரு மணிக்கு, "மந்திரத்தை ஒரு தடவை போட்டா தீர்ந்துபோச்சா, மறுபடி போடலாமா?" என்று நண்பர்களோடு அடித்துக்கொள்ளும்போது இந்தத் தத்துவம் கை கொடுக்காது. கடிதங்கள் வந்து குவிந்தன. 1975-இல் டி.எஸ்.ஆர். தன் 'ஸ்ட்ரடீஜிக் ரெவ்யூ' பத்திரிகையின் இரண்டாவது இதழிலேயே அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் வெளியிட வேண்டியதாயிற்று. மந்திரம் விஷயத்தில் தீர்ப்பு: போட்டால் அன்றைக்குத் தீர்ந்தது, இரண்டு தடவை வேண்டுமென்றால் காலையிலேயே இரண்டு தடவை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பு.

பதிலுக்குக் காத்திருக்காதவர்களும் இருந்தார்கள். கால்டெக் மாணவர்கள் (எந்த ஊரானால் என்ன, இன்ஜினியரிங் மாணவன் புத்தி ஒன்றுதான்) விதிகளைத் தாங்களே சீர்திருத்தி 'வார்லாக்' என்று 1975-இல் அச்சுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அரிசோனாவில் கென் செயின்ட் ஆன்ட்ரே, "இதெல்லாம் ஒரு விதியா?" என்று அதே வருஷம் சாதாரண ஆறு முகப் பகடை மட்டும் போதும்படி 'டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்' என்ற எளிய ஆட்டத்தை உண்டாக்கினார். நம் தெரு கிரிக்கெட்டில் மாமி வீட்டு காம்பவுண்டுக்குள் பந்து போனால் அவுட், அடுத்த தெருவில் அதுவே சிக்ஸர். அந்த மாதிரி ஊருக்கு ஒரு டி அண்ட் டி கிளம்பியது. கைகேக்ஸும் அந்தச் சமயத்தில் அதை ரசித்தார். தானும் ஆர்னிசனுமே ஒரே மாதிரி ஆடுவதில்லை என்று எழுதினார்.

பாத்திரம் உருவாக்குவதற்கு வருகிறேன். இது தனிக் கதை. முதல் புத்தகத்தின்படி ஒவ்வொருவருக்கும் ஆறு குணங்கள்: பலம், புத்தி, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். 3-இலிருந்து 18 வரை எதுவும் வரலாம். இதில் கவனிக்க வேண்டியது, உருட்டுவது ஆடுகிறவன் அல்ல, நடுவர்! விழுந்தது விழுந்தபடி, வரிசை மாற்றக் கூடாது. புத்தி 6, பலம் 14 என்று விழுந்தால் மந்திரவாதி கனவை மறந்துவிட்டு வாளைத் தூக்க வேண்டியதுதான். பிறவி மாதிரி. யாரும் மனுப் போட்டுப் பிறப்பதில்லையே.

அதில் ஒரு நியாயமும் இருந்தது. 1974 விதியில் இந்த எண்களால் பெரிய லாபம் கிடையாது. பலம் 18 உள்ளவனும் 9 உள்ளவனும் வெட்டினால் ஒரே அடிதான். எல்லா ஆயுதத்துக்கும் ஒரு பகடைச் சேதம்தான், கத்தியானாலும் கோடரியானாலும். எண் குறைவாக விழுந்தால் வருத்தம் உண்டு, பெரிய நஷ்டம் இல்லை. 1975-இல் வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்புப் புத்தகம் இதை மாற்றியது. பலம் 18 விழுந்த வீரன் மறுபடி நூறு வரை உருட்டலாம். அதில் அதிகம் விழுந்தால் அவன் அடியும் அதிகம். ஆயுதத்துக்கு ஆயுதம் சேதமும் வேறு. அன்றிலிருந்து பதினெட்டுக்கு மவுசு வந்தது.

மவுசு வந்ததும் பதினெட்டு எத்தனை அபூர்வம் என்று எல்லோரும் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். மூன்று பகடையில் பதினெட்டு விழ 216-இல் ஒரு வாய்ப்பு. ஆறு குணங்களில் ஏதாவது ஒன்றிலாவது பதினெட்டு விழ 3 சதவீதம்கூட இல்லை. சராசரி 10.5. 1979-இல் வந்த நடுவர் கைநூல் நாலு மாற்று முறைகளைக் கொடுத்தது. அதில் முதல் முறை: நாலு பகடை உருட்டு, இருப்பதில் சின்னதைத் தள்ளு, வந்த எண்களை இஷ்டப்பட்ட குணத்துக்கு வைத்துக்கொள். இந்த ஒரு தள்ளுபடியில் சராசரி 12.24 ஆகிறது, ஒரு பதினெட்டாவது விழும் வாய்ப்பு 9 சதவீதத்தைத் தாண்டுகிறது. (ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் எழுதப்போகும் தம்பிகள் 1296-இல் 21 என்று ஆரம்பித்துச் சரிபார்க்கலாம்.)

பகடையே வேண்டாம் என்ற கட்சியும் சீக்கிரமே கிளம்பியது. 1981-இல் 'சாம்பியன்ஸ்', 1986-இல் ஸ்டீவ் ஜாக்சனின் 'கர்ப்ஸ்' ஆகிய ஆட்டங்களில் கையில் ஒரு தொகை 'பாயின்ட்' கொடுத்துவிடுவார்கள். கர்ப்ஸில் சாதாரணமாக 100. பலமா, புத்தியா, வாள் வித்தையா, விலை பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னும் ருசியானது, குறைகளை வாங்கினால் பாயின்ட் திரும்பக் கிடைக்கும். ஒற்றைக் கண், கோபம், கடன்காரன், பரம எதிரி, இப்படி. சும்மா சொல்லக்கூடாது, பாத்திரத்துக்குக் குணம் சேர்க்க அருமையான வழி. ஆனால் நொண்டியாகப் பிறந்து, குதிரையை விட்டு இறங்காமலே ஆட்டத்தை முடிக்கிற புத்திசாலிகளையும் அதுதான் உற்பத்தி செய்தது. எதிர்ப் பக்கத்தில் 1977-இல் மார்க் மில்லரின் 'டிராவலர்' இருந்தது. விண்வெளிக் கதை. பதினெட்டு வயதில் ராணுவத்திலோ வணிகக் கப்பலிலோ சேர்ந்து, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பகடை உருட்டி வித்தைகள் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நாலு வருஷமும் உயிர் பிழைத்தானா என்றும் உருட்ட வேண்டும். தவறினால் ஆள் காலி. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகும் விளையாட்டு உலகத்தில் வேறு எதுவும் உண்டா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேக் ஜெனீவாவில் இதற்குள் கைகேக்ஸின் சுருதி மாறிவிட்டது. காரணம், போட்டிகள். 1975-இல் 'ஆரிஜின்ஸ்' என்ற மாநாட்டில் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற படுபயங்கரச் சுரங்கத்தைப் போட்டி ஆட்டமாக வைத்தார். பல மேஜை, பல நடுவர். ஒரே சுரங்கத்தில் யார் அதிக தூரம் போனார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு நடுவர் தாராளம், இன்னொருவர் கஞ்சம் என்றால் போட்டி எப்படி நடக்கும்? ஆகவே 1977-க்கும் 1979-க்கும் இடையில் மூன்று பெரிய புத்தகங்களாக 'அட்வான்ஸ்டு' டி அண்ட் டி வந்தது. எல்லா ஊரிலும் ஒரே விதி வேண்டும் என்பது அதன் நோக்கம். ஊருக்கு ஒரு விதி என்று ரசித்த அதே மனிதர், விதியை இஷ்டத்துக்கு மாற்றினால் அது டி அண்ட் டி-யே அல்ல என்று எழுதும் நிலைக்கு வந்துவிட்டார். இதில் பணமும் கலந்திருந்தது. புதுப் புத்தகம் வேறு ஆட்டம், அதற்கு ராயல்டி கிடையாது என்று கம்பெனி சொல்ல, ஆர்னிசன் 1979-இல் கோர்ட்டுக்குப் போனார். 1981-இல் சமரசம் ஆயிற்று. எது 'அதே ஆட்டம்' என்ற கேள்வியை மேஜை நண்பர்கள் மட்டுமல்ல, வக்கீல்களும் விவாதித்தார்கள்.

விதி கூடினால் சந்தேகம் குறைய வேண்டுமே? கூடியது! 1979 நவம்பரில் 'டிராகன்' பத்திரிகையின் 31-ஆவது இதழில் 'சேஜ் அட்வைஸ்' என்ற கேள்வி-பதில் பகுதி தொடங்கியது. ஞானியின் அறிவுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பதில் சொன்னவர் ஜீன் வெல்ஸ் என்ற பெண்மணி. 1980-களின் பின்பாதியிலிருந்து 2004 வரை ஸ்கிப் வில்லியம்ஸ். பள்ளி மாணவனாக டி.எஸ்.ஆர். கடையில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தவர், கடைசியில் உலகத்து ஆட்டக்காரர்களுக்கெல்லாம் ஞானி ஆனார். குதிரை மேலிருந்து ஈட்டி எறிந்தால் என்ன, கண்ணுக்குத் தெரியாதவன் தண்ணீரில் நடந்தால் அலை தெரியுமா என்கிற ரகக் கேள்விகள் மாதா மாதம்.

எனக்கு இந்தக் கடிதங்கள் மேல் ஒரு பரிவு உண்டு. விதி வக்கீல்கள் என்று அவர்களைக் கேலி செய்வார்கள். ஆனால் எழுதியவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பையன்களாக இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். அங்கே நடுவர் என்பது போரைக் கண்ட பிரஷ்ய அதிகாரி அல்ல, பக்கத்து வீட்டுப் பையன். தன் தம்பிக்கு மந்திர வாள் கொடுப்பான், உனக்குக் குழியைக் கொடுப்பான். ஆறு மாசம் வளர்த்த பாத்திரம் ஒரு வாய்வார்த்தையில் செத்துப்போனால், அப்பீலுக்கு ஒரு கோர்ட் வேண்டாமா? "புத்தகத்துல போட்டிருக்குடா" என்று காட்ட முடிவதுதான் மேஜையில் குரல் உயராதவனுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. அனுபவமுள்ள நடுவரை நம்பலாம் என்று வெர்டி சொன்னார், சரி. அப்படி ஒருவர் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

1997-இல் டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது; 1999-இல் அதை ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000-இல் மூன்றாம் பதிப்பு. எழுதிய மூவர்: ஜோனதன் ட்வீட், மான்டி குக், மூன்றாவது நம் ஞானி ஸ்கிப் வில்லியம்ஸேதான்! பல வருஷம் அடுத்தவர் விதிக்கு விளக்கம் சொன்னவர் கையிலேயே பேனா வந்தது. பதில் சொல்லி அலுத்தவர் எழுதினால் எப்படி இருக்கும்? எல்லா ஓட்டையும் அடைத்த மாதிரி இருந்தது. பழைய 'தாக்கோ' ஒழிந்தது. (தமிழ்க் காதுக்குத் 'தாக்கு' மாதிரியே கேட்கும்; கவசம் 0 உள்ளவனைத் தொட எத்தனை விழ வேண்டும் என்ற எண் அது.) அதில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். தாக்கோ 20, எதிரியின் கவசம் 4 என்றால் 20-இலிருந்து 4 போக 16 விழ வேண்டும். கவசம் மைனஸ் 3 என்றால் கணக்குப் போட்டே எதிரி கிழவனாகிவிடுவான். புது முறையில் கவசம் கூடக் கூட நல்லது; இருபது முகப் பகடையோடு உன் திறமை எண்ணைக் கூட்டு, எட்டினால் அடி. கணிதப்படி இரண்டும் ஒன்றே. மனசுக்கு ஒன்றல்ல. கழித்தலைக் கூட்டலாக்கியதற்கே அந்த மூவருக்கும் சிலை வைக்கலாம்.

ஆனால் இந்தப் பதிப்பில்தான் பாத்திரம் 'பிறப்பது' போய் 'கட்டுவது' முழுசாக வந்தது. 'ஃபீட்' என்ற தனித்திறமைகள், முதல் லெவலில் ஒன்று, பிறகு மூன்று லெவலுக்கு ஒன்று. இதை எடுக்க அதை முன்பே எடுத்திருக்க வேண்டும், அதற்கு லாவகம் 13 இருக்க வேண்டும் என்று சங்கிலி. ஏழாவது செமஸ்டர் எலெக்டிவுக்கு மூன்றாவது செமஸ்டரிலேயே அடித்தளம் போடுவது போல, இருபதாவது லெவலில் என்ன ஆகப்போகிறோம் என்பதை முதல் நாளே பிளான் போட வேண்டும். எல்லாத் திறமையும் சமமும் அல்ல. 'டஃப்னஸ்' என்று ஒன்று, எடுத்தால் உயிர்ப் புள்ளி மூன்று கூடும், அவ்வளவே. புதுசாக வருகிறவன் பெயரைப் பார்த்து ஏமாந்து எடுப்பான். நன்றாகப் படித்தவன் நன்றாக ஆடும்படி இப்படி வேண்டுமென்றே அமைத்தோம், எது எதற்கு உதவும் என்று வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது சரியா என்று தெரியவில்லை என மான்டி குக் பிற்பாடு ஒரு கட்டுரையில் எழுதினார். என் கருத்தில் அது சரியில்லை. கோடு புத்தகத்தில் உடைகிற உத்தரத்துக்கும் ஒரு படம் போட்டு, பக்கத்தில் எதுவும் எழுதாமல் விடுவது மாதிரி.

நாங்கள் ஹாஸ்டலில் ஆடியது இந்த மூன்றரையாம் பதிப்புதான் (2003 திருத்தம்). விதிகளில் பெரும்பகுதியைக் கம்பெனியே இலவசமாக விட்டிருந்தது. பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டோம். இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? கேசியோ கால்குலேட்டரில் ரேண்டம் பட்டனை அழுத்தி, இருபதால் பெருக்கி, ஒன்று கூட்டி, தசமத்தை வெட்டினால் பகடை. மெக்கானிக்கல் பிரிவு நண்பன் ஒருவன் இரண்டு நாள் உட்கார்ந்து இருபது லெவலுக்கும் ஒரு வீரனைக் கட்டிக்கொண்டு வந்தான், லே-அவுட் டிராயிங் மாதிரி. அவன் ஆள் மூன்றாவது லெவலில் எலிக் கூட்டத்திடம் மாட்டி இறந்தான். "பதினேழு லெவல் வேஸ்ட்டுடா!" என்ற கூக்குரல் மூன்றாவது மாடி வரை கேட்டது.

விதிகளைக் கெட்டியாகப் பின்னினால் அந்தப் பின்னலிலேயே புகுந்து புறப்படுவார்கள் என்பதற்கு இன்ஜினியர்களுக்குப் பிடித்த உதாரணம் 'குடியானவன் பீரங்கி'. மூன்றாம் பதிப்பிலிருந்து ஒரு சுற்று என்பது 6 விநாடி. ஒருவன் பொருளைப் பக்கத்திலிருப்பவனுக்குக் கைமாற்றலாம். அவன் காத்திருந்து உடனே அடுத்தவனுக்குத் தரலாம். ஆளுக்கு 5 அடி இடம். 2,280 குடியானவர்களை வரிசையாக நிறுத்தினால் 11,400 அடி, அதாவது சுமார் மூன்றரை கிலோமீட்டர். ஒரு ஈட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 6 விநாடியில் போய்விடுகிறது. விநாடிக்கு 1,900 அடி. மணிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். கடைசி ஆள் விட்டால் டிராகன் தூள்! கணக்கில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில். ஈட்டி கைமாறும்வரை விதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். விட்டதும் நியூட்டனைப் பிடித்துக்கொள்கிறார்கள். விதிப்படியே போனால் கடைசி ஆள் எறிவது சாதாரண ஈட்டி, ஒரு பகடைச் சேதம். நியூட்டன்படியே போனால் நடுவில் நிற்கிறவன் கை கழன்றுவிடும். இரண்டு கோடுகளில் தனக்குச் சௌகரியமான ஷரத்தை மட்டும் பொறுக்குவது நம் தொழிலிலும் பழக்கப்பட்ட வித்தைதான்.

2008-இல் நாலாம் பதிப்பு வந்தது. அது பிடிக்காதவர்கள் பழைய விதியின் வழியிலேயே 2009-இல் வந்த 'பாத்ஃபைண்டர்' பக்கம் போனார்கள். கைகேக்ஸ் 2008 மார்ச்சிலும் ஆர்னிசன் 2009 ஏப்ரலிலும் காலமானார்கள். 2014-இல் ஐந்தாம் பதிப்பு, மறுபடி நடுவர் பக்கம் சாய்ந்தது. சுருக்கமான விதி, மிச்சம் நடுவர் பொறுப்பு. பாத்திரத்துக்கு மூன்று வழியும் திறந்திருந்தன: நாலு பகடை உருட்டலாம், 15, 14, 13, 12, 10, 8 என்ற தயார் எண்களை எடுக்கலாம், அல்லது 27 பாயின்டுக்குக் கடை விலையில் வாங்கலாம். அந்தத் தயார் எண்களைக் கடை விலையில் கூட்டிப் பாருங்கள், சரியாக 27 வரும். கூட்டுத்தொகை 72, பகடை உருட்டினால் சராசரி 73 சொச்சம். சூதாடுகிறவனுக்கு அந்த ஒன்றரைதான் கமிஷன்.

ஞானியின் நாற்காலியில் அப்போது இருந்தவர் ஜெரமி கிராஃபோர்ட். அவர் காலத்தில் பெயர் பெற்ற கேள்வி ஒன்று. மறைந்திருப்பவனை அடிப்பது கஷ்டம் என்று விதி. மறைந்திருப்பவனைப் பார்க்க ஒரு மந்திரம் உண்டு. மந்திரம் போட்டுப் பார்த்துவிட்டால், அடிப்பது சுலபம்தானே? இல்லை என்று தீர்ப்பு வந்தது! எழுத்துப்படி, 'மறைந்தவன்' என்ற நிலைக்கே அந்தச் சலுகை சேர்த்து எழுதப்பட்டிருந்தது. நீ அவனைப் பார்க்கிறாயா இல்லையா என்று அந்த வரி கேட்கவே இல்லை. எழுத்தை மட்டும் பார்த்தால் தீர்ப்பு சரி. புத்தியைக் கேட்டால் அபத்தம். ஏகப்பட்ட மேஜைகளில் நடுவர்கள் தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 2024 திருத்தத்தில் அந்த வரியோடு, உன்னைப் பார்க்க முடிகிறவனிடம் இந்தச் சலுகை செல்லாது என்று சேர்த்தார்கள். பத்து வருஷம் பிடித்தது.

அதே 2024-இன் நடுவர் கைநூலில் குடியானவன் பீரங்கிக்கும் பெயர் சொல்லாமல் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆட்ட விதி என்பது இயற்பியல் அல்ல. வரிசையாக ஆட்களை நிறுத்தி ஈட்டியைக் கைமாற்றி வேகம் கூட்டலாம் என்று வாதாடினால் ஒப்புக்கொள்ளாதே என்கிறது அது. எல்லோரும் நல்லெண்ணத்தோடு படிப்பார்கள் என்று நம்பியே விதி எழுதப்படுகிறது என்றும் சேர்த்திருக்கிறார்கள். இப்படி ஒரு வரியை விதிப் புத்தகத்துக்குள்ளேயே விதியாக எழுத வேண்டி வந்ததைப் பார்த்து ரைஸ்விட்ஸ் என்ன நினைப்பாரோ. அவருடைய அட்டவணைகளில் நல்லெண்ணத்துக்குக் கட்டம் கிடையாது.

இதைப் படிக்கும் இப்போதைய மாணவர்கள் யாராவது ஆட நினைத்தால் காசு செலவில்லை. 2023 ஜனவரியில் உரிமம் விஷயமாகப் பெரிய கலகம் வந்து, கடைசியில் கம்பெனி அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில் விட்டுவிட்டது. 2024 திருத்தத்துக்கான தொகுப்பும் 2025 ஏப்ரலில் அதே மாதிரி வெளிவந்துவிட்டது. நாலு பேர் வேண்டும், ஐந்தாவதாக நடுவராக ஒருவன். அவன் யார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள், பகடையை அப்புறம் வாங்கலாம். முதல் பாத்திரத்துக்கு மட்டும் மூன்று பகடை, விழுந்தது விழுந்தபடி உருட்டிப் பாருங்கள். புத்தி 6 விழுந்தவனை வைத்துக்கொண்டு மூன்று மாசம் ஆடிவிட்டு என்ன ஆயிற்று என்று அடுத்த மலருக்கு யாராவது எழுதி அனுப்புங்கள்.